ஹகியோ மோட்டோ: எதில் தொடங்குவது, எந்தப் பதிப்பு, எதில் முன்னோடி?

#1 செவ்வந்தி
ஷோனென், அதாவது பையன்களுக்கான மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடர் மட்டும் படிச்சுப் பழகின நாலஞ்சு பேர் இங்கே ஷோஜோ, அதாவது பெண்களுக்கான மங்கா பக்கம் வரணும்னு கேட்டிருக்காங்க. யாரைக் கேட்டாலும் "ஹகியோ மோட்டோ படி"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அதுக்கு மேல வழி சொல்ல ஆளில்ல. 1969-ல ஆரம்பிச்சு அரை நூற்றாண்டு தாண்டியும் வரைஞ்சவங்க. எதை முதல்ல எடுக்கறது? 'போ குலம்' கதை நடக்கற கால வரிசையில படிக்கணுமா, வெளிவந்த வரிசையிலயா? கையடக்கப் பதிப்பு மலிவு, பெரிய கெட்டி அட்டைப் பதிப்பு விலை கூட. வித்தியாசம் நிஜமாவே தெரியுமா? அப்புறம் "முன்னோடி முன்னோடி"ன்னு எழுதறாங்களே, எதுல முன்னோடின்னு யாராவது பிரிச்சுச் சொல்லுங்க.

#2 மைக்கூடு
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றவை எளிது.

ஹகியோ 1949 மே 12 அன்று, ஃபுகுவோக்கா மாகாணத்தின் நிலக்கரி நகரான ஓமுத்தாவில் பிறந்தவர். பள்ளி நாளில் முந்தைய தலைமுறை மங்கா ஓவியர் தெசுகா ஒசாமுவின் 'ஷின்செங்குமி'யைப் படித்துவிட்டு, இதுதான் தொழில் என்று முடிவு செய்தார். வீட்டில் கடும் எதிர்ப்பு. 1969 ஆகஸ்டில் கோதான்ஷா பதிப்பகத்தின் 'நகயோஷி' இதழில் 'லூலூவும் மிமியும்' வெளிவந்தது. நகயோஷி சின்னப் பெண் குழந்தைகளுக்கான இதழ். அவர்களுக்குக் கலகலப்பான கதை வேண்டும். இவர் அனுப்பியதோ வேறு ரகம். போன வேகத்தில் திரும்பி வந்தன.

திருப்பம் இங்கேதான். சக ஓவியர் தகேமியா கேய்கோ வழியாக ஷோகக்குகான் பதிப்பகத்தின் எடிட்டர் யமமோட்டோ ஜுன்யாவின் தொடர்பு கிடைத்தது. கோதான்ஷா வேண்டாம் என்ற கதைகளை அவர் வாங்கிப் போட்டார். 'பெஸ்ஸாத்சு ஷோஜோ காமிக்' என்ற மாத இதழில் அடுத்தடுத்து முழுச் சிறுகதைகள். ஒரு புதுமுக ஓவியருக்கு ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு கதை வரைய இடம் கிடைப்பது பெரிய விஷயம். வாரத் தொடரில் மாட்டிக்கொண்டால் ஒரே பாத்திரத்தை இரண்டு வருடம் வரைய வேண்டும். மாதச் சிறுகதையில் ஒரு உத்தியைச் சோதித்துப் பார்த்து, சரிவராவிட்டால் அடுத்த மாதம் தூக்கிப் போடலாம். 1971 நவம்பர் இதழின் 'நவம்பர் ஜிம்னாசியம்' அப்படி வந்ததுதான். முதலில் பெண்கள் பள்ளியாகவும் வைத்துப் பார்த்து, ஒட்டாமல் போய், ஜெர்மன் ஆண்கள் விடுதிப் பள்ளியாக நிலைத்தது.

என் கணக்கில் ஹகியோவின் முன்னோடித்தனம் கருப்பொருளில் இல்லை. சிறுகதை என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, பெண் குழந்தைகள் இதழின் பக்கத்தில் என்னென்ன செய்யலாம் என்ற வரம்பைத் தள்ளிக்கொண்டே போனதில் இருக்கிறது.

#3 ஓரப்பட்டி
மைக்கூடு ஐயா, முன்னோடி என்ற பட்டத்தை இவ்வளவு சீக்கிரம் 1949-இல் பிறந்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் மிசுனோ ஹிதேகோ இருக்கிறார்.

1939, ஷிமோனொசெகி. பதின்ம வயதிலேயே 'ஷோஜோ கிளப்' இதழில் அறிமுகம். அப்போது பெண் குழந்தைகள் இதழ்களில் வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்: தெசுகா, இஷிநொமோரி, அகாத்சுகா, சிபா தெத்சுயா. 1958-இல் தோக்கியோவின் தொக்கிவா-சோ விடுதியில் தெசுகாவின் அடுத்த தலைமுறை மொத்தமும் குடியிருந்தபோது, அங்கே ஏழு மாதம் போல் தங்கிய ஒரே பெண் ஓவியர் மிசுனோ. இஷிநொமோரி, அகாத்சுகா இருவரோடும் சேர்ந்து 'யூ. மையா' என்ற கூட்டுப் புனைபெயரில் வரைந்திருக்கிறார்.

அன்றைய பெண் குழந்தைகள் கதைகளில் தாயைத் தேடும் மகள், பாலே ஆடும் ஏழைச் சிறுமி, இவ்வளவுதான். ஆண் பெண் காதலை நேராகக் கொண்டுவந்தவர்களில் மிசுனோ முதல் வரிசை: 'நட்சத்திர யாழ்' 1960 முதல் 62 வரை. ரஷ்ய வரலாற்றை வைத்து 'வெண் த்ரோய்க்கா' 1964, 65. அதன்பின் 'ஃபயர்!', 1969 முதல் 71 வரை, 'செவென்டீன்' வார இதழில். கதாநாயகன் ஆரன் என்ற அமெரிக்க ராக் பாடகன். அதற்காக அமெரிக்கா, ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். 15ஆவது ஷோகக்குகான் மங்கா விருது அதற்குத்தான்.

"ஷோஜோவில் ஆணைக் கதாநாயகனாக்கியது 24-ஆம் ஆண்டுக் குழுதான் (ஹகியோ தலைமுறைப் பெண் ஓவியர்கள்)" என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஹகியோவின் 'தோமாவின் இதயம்' 1974. 'ஃபயர்!' 1969. கணக்கு அவ்வளவுதான்.

#4 மைக்கூடு
ஆண் நாயகன் விஷயத்தில் மறுப்பே இல்லை. இன்னும் ஒன்று சேர்க்கிறேன். மிசுனோ தலைமுறைக்கும் ஹகியோ தலைமுறைக்கும் நடுவில் சந்தை மாறியது. 1962 கடைசியிலும் 63-இலும் 'ஷோஜோ ஃப்ரெண்ட்', 'மார்கரெட்' என்ற வார இதழ்கள் தொடங்கின. மாதம் ஒன்று நிரப்பியவர்கள் வாரம் ஒன்று நிரப்ப வேண்டும். இருக்கிற ஆண் ஓவியர்கள் பையன்கள் வார இதழ்களுக்கே போதவில்லை. அதனால் வாசகிகளுக்கே போட்டி வைத்து ஆள் எடுத்தார்கள். 1964-இல் சதோனகா மச்சிகோ 16 வயதில் கோதான்ஷாவின் புதுமுகப் பரிசு வாங்கியதைப் பார்த்த ஒரு தலைமுறைப் பெண்கள் பேனா எடுத்தார்கள். அவர்களில் பலர் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 24-ஐ, அதாவது 1949-ஐ, ஒட்டிப் பிறந்தவர்கள். குழுவின் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சங்கம், உறுப்பினர் பட்டியல் என்று எதுவும் கிடையாது.

மிசுனோ கதவைத் திறந்தார். உள்ளே அறைகளின் சுவரை இடித்துக் கட்டியது ஹகியோ. இரண்டும் வேறு வேலை.

#5 ராப்பாடி
சுவர், கதவு எல்லாம் இருக்கட்டும், 'போ' வரிசைக்கு யாரும் பதில் சொல்லல.

வெளிவந்த வரிசையிலதான் படிக்கணும். ஏன்னு சொல்றேன். கதை 18ஆம் நூற்றாண்டு நடுவுல தொடங்கி 1976 வரைக்கும் ஓடுது. எட்கர்ங்கற பையன் ரத்தக்காட்டேரி ஆகி 14 வயசுல உறைஞ்சு போனவன். தங்கை மேரிபெல், அப்புறம் கூடச் சேர்ற ஆலன். இவங்க வயசு மாறாது, சுத்தி இருக்கற மனுஷங்க கிழவங்களாகிச் சாவாங்க. இதை ஹகியோ நேர்கோட்டுல சொல்லல.

1972 மார்ச் இதழ்ல முதல் கதை 'ஒளி ஊடுருவும் வெள்ளிக் கூந்தல்'. ஒரு பையன் ஒரு பொண்ணைப் பார்க்கறான். முப்பது வருஷம் கழிச்சு அதே பொண்ணை அப்படியே பார்க்கறான். அவ்ளோதான். குலம்னு ஒண்ணு இருக்குன்னே முழுசா சொல்றதில்ல. அப்புறம் ஜூலையில 'போ கிராமம்', ஆகஸ்ட்ல 'கிளென்ஸ்மித்தின் நாட்குறிப்பு'. மூணும் தனித்தனிக் கதை மாதிரி இருக்கும். காரணம் என்னன்னா, நீளத் தொடர் வேணும்னு ஹகியோ கேட்டாங்க, யமமோட்டோ முதல்ல சிறுகதையா போடுன்னுட்டார். இவங்க சிறுகதைன்னு கொடுத்துக்கிட்டே தொடரை உள்ளே நுழைச்சுட்டாங்க. செப்டம்பர்லேர்ந்து 'போ குலம்'னு பேர் வச்சுத் தொடராவே போச்சு.

கால வரிசையில அடுக்கிப் படிச்சா 'மேரிபெல்லும் வெள்ளி ரோஜாவும்' முதல்ல வந்துடும். எட்கர் எப்படி இப்படி ஆனான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுட்டா, முதல் மூணு கதையோட புதிர் செத்துப் போச்சு. 'கிளென்ஸ்மித்' 24 பக்கம்தான். ஒரு நாட்குறிப்பு கை மாறிக் கை மாறி, ரெண்டு உலகப் போர் தாண்டி, தலைமுறை தலைமுறையா போகுது. அதுல எட்கர் வர்றது சில கட்டம்தான். நம்ம மனசுல கேள்வி இருந்தாத்தான் அந்தச் சில கட்டம் வேலை செய்யும்.

சிக்கல் ஒண்ணு: புத்தகமா வந்தப்போ பதிப்புக்குப் பதிப்பு வரிசையை மாத்தியிருக்காங்க. உள்ளடக்கப் பக்கத்துல கதைத் தலைப்பு இருக்கும். இதழ் வந்த மாசத்தை ஒரு சீட்டுல எழுதி உள்ளே வச்சுக்கோங்க. எட்கர் கதையை வெளியிலேர்ந்து துருவற ஆராய்ச்சிக்காரர் வர்ற 'லாம்ப்டன் பேசுகிறது' கதையைக் கடைசிக்குப் பக்கத்துல வைங்க. முடிவு 'ஈடித்', 1976.

#6 செவ்வந்தி
நன்றி ராப்பாடி. 'தோமாவின் இதயம்' நடுவுலயே நிறுத்தற நிலைக்குப் போச்சுன்னு ஒரு பேச்சு இருக்கே, உண்மையா?

#7 மைக்கூடு
உண்மை. எப்படி நடந்தது என்று பார்த்தால் அந்தத் தொழிலே புரியும்.

இதழோடு ஒரு அஞ்சல் அட்டை வரும். பிடித்த கதைகளைக் குறித்து வாசகிகள் அனுப்புவார்கள். அலுவலகத்தில் எண்ணி வரிசைப்படுத்துவார்கள். வார இதழில் இந்தக் கணக்குத்தான் உயிர். புதுத் தொடரின் முதல் சில வாரத்து இடமே தலையெழுத்தைத் தீர்மானித்துவிடும்.

1972, 73-இல் 'மார்கரெட்'டில் இகேதா ரியோகோவின் 'வெர்சாய் ரோஜா' பிய்த்துக்கொண்டு போனது. யமமோட்டோவுக்கும் தன் 'ஷூக்கான் ஷோஜோ காமிக்' வார இதழில் அப்படி ஒரு நீளத் தொடர் வேண்டும். ஹகியோ எடுத்துக் கொடுத்தது, வெளியிடும் எண்ணமே இல்லாமல் தனக்காக வரைந்து வைத்திருந்த 'தோமா'. 1974-இன் 19ஆம் இதழில் தொடங்கியது. முதல் பக்கங்களிலேயே பனிக்காலத்தின் முடிவில் ஒரு பையன் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். அவன் அனுப்பிய கடிதம் இன்னொருவன் கைக்குப் போகிறது. பளபளப்பான அரண்மனையை எதிர்பார்த்த வாசகிகள் அட்டையில் குறிக்கவில்லை. முதல் கணக்கெடுப்பில் கடைசி இடம். சீக்கிரம் முடித்துவிடு என்று அலுவலகம் சொன்னது. ஹகியோ கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டு வாரத்தைத் தள்ளினார்.

அதே கோடையில் ஷோகக்குகான் 'ஃபிளவர் காமிக்ஸ்' என்ற புத்தக வரிசையைத் தொடங்கியது. முதல் புத்தகம் 'போ குலம்' முதல் தொகுதி. 30,000 படி அச்சிட்டது மூன்றே நாளில் தீர்ந்தது. இதழில் பத்தோடு பதினொன்றாகப் படித்தவர்கள், காசு கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அப்போதுதான் அலுவலகத்துக்கு உறைத்தது. அதன்பிறகு 'தோமா'வைத் தொடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 33 தவணை ஓடி, 52ஆம் இதழில் தானாக முடிந்தது.

அட்டைக் கணக்கு அந்த வாரத்துப் பசியை அளக்கும். புத்தக விற்பனை அளப்பது வேறு.

#8 கட்டங்கட்டி
பதிப்பு அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்களோடு சொன்னால்தான் விளங்கும்.

பி5 அளவு இதழுக்கு வரைகிற தொழில்முறைத் தாள் பி4. அதில் வெட்டுக்கோடு 220 × 310 மி.மீ., உள் சட்டகம் 180 × 270 மி.மீ. வசனமும் முக்கியமான முகமும் உள் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். ஓரம் வரை போகிற படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் சில மி.மீ. நீட்டி வரைய வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று விழும். இந்தத் தாள் இதழில் சுமார் 83 விழுக்காடாகச் சுருங்குகிறது. 'ஃபிளவர் காமிக்ஸ்' அளவுப் புத்தகத்தில் பாதிக்குச் சற்று மேல். ஏ6 கையடக்கப் பதிப்பான புன்கோவில் 48 விழுக்காடு.

இப்போது கோட்டைப் பாருங்கள். ஷோஜோ ஓவியர்கள் மருபென் என்ற சின்ன வட்ட நிப்பை அதிகம் பயன்படுத்துவார்கள். அதன் மெல்லிய கோடு தாளில் 0.1 மி.மீ. போல் இருக்கும். புன்கோவில் அது 0.05 மி.மீ. அந்தத் தடிமனில் அச்சு நம்பகமாக நிற்காது. கோடு அங்கங்கே அறுந்து புள்ளி புள்ளியாகும், அல்லது நெருக்கமான கோடுகள் ஒட்டிக் கறையாகும்.

70களின் தொடக்கத்தில் நிழலுக்காக ஒட்டும், புள்ளி அச்சிட்ட ஸ்கிரீன்டோன் ஒட்டுத்தாள் விலை கூடிய சரக்கு. அதனால் 'தோமா', 'போ' இரண்டிலும் நிழலும் மனநிலையும் பெரும்பாலும் கையால் இழுத்த கோடுகள்தான். ககேஅமி என்று ஒரு முறை: குட்டிக் குட்டிக் கோடுகள் ஐந்தாறு இணையாக இழுத்து, தாளைத் திருப்பி, அதன்மேல் வேறு கோணத்தில் இன்னொரு அடுக்கு, வேண்டுமானால் மூன்றாவது. திட்டுகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு பரவ வேண்டும். எல்லாத் திட்டும் ஒரே கோணத்தில் விழுந்தால் பாய் முடைந்த மாதிரி ஆகிவிடும். 'தோமா'வில் எரிக் என்ற பையன் இரவில் தனியாக நிற்கிற கட்டங்களின் கனம் இந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. சின்னப் பதிப்பில் அது சாம்பல் பூச்சாகத் தெரியும்.

டோன் ஒட்டிய பிற்காலக் கதைகளுக்குச் சிக்கல் வேறு. அங்குலத்துக்கு 60 வரி டோன், இதழில் 72 வரியாகும், புன்கோவில் 125 வரியாகும். வெளிர் டோனில் புள்ளி காணாமல் போகும், அடர் டோன் அடைத்துக்கொள்ளும். மோசமாக ஸ்கேன் செய்த மின்பதிப்பில் அலை அலையாகக் கோலம் விழுவதும் இந்தப் புள்ளி வரியும் திரையின் புள்ளி வரியும் மோதுவதால்தான். பெரிதாக்கிப் பார்த்தால் கோலம் மறையும். மறையவில்லை என்றால் கோப்பிலேயே பதிந்துவிட்டது, வாங்காதீர்கள்.

இன்னொன்று, வண்ணப் பக்கம். இதழில் முதல் சில பக்கம் முழு வண்ணமாகவோ, கறுப்பும் சிவப்புமாக இருவண்ணமாகவோ வரும். சாதாரணத் தொகுப்பில் அவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவார்கள். சிவப்புப் பகுதி அழுக்குச் சாம்பலாகும். ஒரு அத்தியாயத்தின் முதல் நாலு பக்கம் மட்டும் சேறு பூசினது போல் இருந்தால் அச்சகத்தைத் திட்ட வேண்டாம், காரணம் இதுதான். 2019-இல் ஷோகக்குகான் 'போ'வுக்கு பி5 அளவில் இரண்டு தொகுதியாக உயர்பதிப்பு கொண்டுவந்தது. கோட்டைப் படிக்க வேண்டுமென்றால் அது. கதையை மட்டும் படிக்க மூன்று தொகுதி புன்கோ போதும்.

#9 ஓரப்பட்டி
> இந்தக் கோடுகளில்தான் இருக்கிறது

கோடு மட்டும்தானா? பக்க அமைப்பைப் பற்றிப் பேசாமல் ஹகியோவைப் பற்றிப் பேசுவதா? கட்டங்களை உடைத்து, முழு உருவத்தைப் பக்கத்தின் மேல் நிறுத்துவதெல்லாம் இவர் கொண்டுவந்தது என்பார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. கட்டங்களை மீறித் தலை முதல் கால் வரை நிற்கும் பெண் உருவம் 50களின் கடைசியிலேயே தகஹாஷி மகோத்தோவிடம் இருக்கிறது.

#10 கட்டங்கட்டி
சரிதான். ஆனால் தகஹாஷியிடம் அந்த உருவம் அலங்காரம். உடையைக் காட்ட நிற்கிறது, கதை அதன் பக்கத்தில் தனியாகப் போகிறது. ஹகியோவிடம் கட்டம் உடைவது காலம் உடைவதற்காக. நிகழ்காலக் கட்டத்தின் ஓரக்கோடு மறைந்து அதற்குள் நினைவு வழிகிறது. வசனப் பலூனுக்கு வெளியே, கட்டத்தின் வெள்ளையில், மனக்குரல் துண்டு துண்டாக நிற்கிறது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதியிருக்காது. எழுத்து எந்த முகத்துக்கு அருகே நிற்கிறதோ அதை வைத்துத்தான் நாம் பிடிக்க வேண்டும். ஷோனென் வேகத்தில் கண்ணை ஓட்டுகிறவர்களுக்கு 'தோமா' முதல் 50 பக்கம் புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். வாசிப்பை அப்படியே பாதி வேகமாக்குங்கள்.

இரண்டு சிறுகதையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

'ஹன்ஷின்', 1984, 'புச்சி ஃபிளவர்' இதழ். மொத்தம் 16 பக்கம். ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள். யூசி பேரழகி, அறிவு வளரவில்லை. யூஜி கெட்டிக்காரி, உடம்பின் சத்தை மற்றவள் உறிஞ்சிக்கொள்வதால் வாடி வதங்கியவள். கதை யூஜியின் குரலில். அறுவை சிகிச்சை செய்தால் ஒருத்திதான் மிஞ்சுவாள் என்ற நிலை. பிரித்த பிறகு படுக்கையில் சாகக் கிடக்கிறவளின் முகத்தைப் பாருங்கள்: வதங்கிய பழைய யூஜியின் முகம். பிழைத்து, சதை பிடித்து, கண்ணாடியில் தெரிகிறவளின் முகம்: அழகி யூசியின் முகம். இரண்டு முகத்தை இடம் மாற்றி வரைந்ததைத் தவிர எந்த விளக்கமும் இல்லை. வெறுத்தவளை இழந்தாளா, தன்னையே இழந்தாளா என்பதை வசனத்தில் எழுதியிருந்தால் இன்னும் 20 பக்கம் பிடித்திருக்கும். இரண்டே வருடத்தில், 1986-இல், நோதா ஹிதேகி இதை நாடகமாக மேடையேற்றினார்.

'வில்லோ மரம்', 2007. ஆற்றங்கரையில் ஒரு மரம், கீழே ஒரு பெண். பக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கிடைக்கட்டம், அதே கோணம். பருவம் மாறுகிறது, கடந்து போகிற பையன் வளர்கிறான், அவள் நகர்வதில்லை. வசனம் ஏறக்குறைய இல்லை. கடைசியில், நடுவயதான அந்தப் பையன் அவளிடம் பேசும்போதுதான் அவள் யார் என்று தெரிகிறது. கட்டத்தை உடைப்பதற்குப் பேர்போனவர், இங்கே கட்டத்தை அசைக்கவே இல்லை. உடைக்கத் தெரிந்தவரால்தான் இதைச் செய்ய முடியும் என்பது என் கட்சி.

#11 ராப்பாடி
ஷோனென்லேர்ந்து வர்றவங்களுக்கு நான் வேற கதவு காட்டறேன். 'பதினொரு பேர் இருக்கிறார்கள்!', 1975, மூணே தவணை. விண்வெளிக் கல்லூரி நுழைவுத் தேர்வு. பத்துப் பேரை ஒரு கைவிடப்பட்ட கப்பல்ல விட்டு 53 நாள் தாக்குப் பிடிக்கச் சொல்றாங்க. ஏறிப் பார்த்தா பதினோரு பேர். அவசர பட்டனை யாராவது அழுத்தினா அத்தனை பேரும் பெயில். கப்பலோட சுற்றுப்பாதை தப்பி, உள்ளே வெப்பம் ஏறுது, காய்ச்சல் பரவுது. அந்நியன் யாருங்கற சந்தேகம் ஒரு பக்கம், உயிர் பிழைக்கற வேலை இன்னொரு பக்கம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே போகும்.

இதுல ஃப்ரோல்னு ஒருத்தர். அவங்க கிரகத்துல வயசுக்கு வந்த பிறகுதான் ஆணா பெண்ணான்னு உடம்பு முடிவாகும். 1975-ல, பொண்ணுங்க படிக்கற மாத இதழ்ல இது. 'போ', 'பதினொரு பேர்' ரெண்டுக்கும் சேர்த்து 1976-ல ஷோகக்குகான் விருது.

அப்புறம் இவங்களை எங்கெங்கேயோ கூப்பிட்டாங்க. 1977-ல மித்சுசே ரியூ நாவலை வச்சு 'ஷோனென் சாம்பியன்'ல, அதாவது பையன்கள் வார இதழ்ல, தொடர். 'ஸ்டார் ரெட்' 1978, 79, அதுக்கு 1980-ல அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கற செய்யுன் விருது. 'வெள்ளி முக்கோணம்' ஹயகவா நிறுவனத்தோட 'எஸ்எஃப் மேகஸின்'ல வந்து 1983-ல இன்னொண்ணு. 1985-ல 'எக்ஸ் + ஒய்'க்கு மூணாவது. ஆனா 'வெள்ளி முக்கோணம்' முதல்ல எடுக்காதீங்க, தலை சுத்திடும்.

#12 செவ்வந்தி
ஓய்சுமி வீட்டைப் பத்தி யாரும் சொல்லலயே? தகேமியாவும் ஹகியோவும் ஒண்ணா இருந்தது, அப்புறம் பிரிஞ்சது...

#13 மைக்கூடு
சுருக்கமாக. 1970 இறுதியிலிருந்து 1973 வரை தோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில், தெற்கு ஓய்சுமியில், நண்பர் மசுயமா நொரியேவின் வீட்டுக்கு அருகே ஒரு பழைய வாடகை வீட்டில் இருவரும் இருந்தார்கள். இளம் பெண் ஓவியர்கள் பலர் வந்து போனார்கள், ஒருவருக்கொருவர் கெடு நேரத்தில் கை கொடுத்தார்கள். 1972-இல் ஹகியோ, தகேமியா, மசுயமா, யமகிஷி ரியோகோ நால்வரும் சுமார் 45 நாள் ஐரோப்பா சுற்றினார்கள். ஜன்னல் கொக்கி, படிக்கட்டு, தெருக்கல் வரை பார்த்துவிட்டு வந்தது பிறகு வந்த கதைகளின் பின்னணியில் தெரியும்.

பிரிவைப் பற்றித் தகேமியா 2016-இலும் ஹகியோ 2021-இலும் தத்தம் நூலில் எழுதிவிட்டார்கள். ஒருமுறைதான் சொல்வேன், இனிக் கேட்காதீர்கள் என்பதே ஹகியோ நூலின் நோக்கம். வேண்டியவர்கள் இரண்டையும் படிக்கலாம். இழையில் அதை வைத்துக் கட்சி கட்ட வேண்டாம்.

இதைவிட முக்கியம் 80-க்குப் பிந்திய பாதி. அதை யாரும் தொடுவதில்லை. 1980-இல் யமமோட்டோ 'புச்சி ஃபிளவர்' தொடங்கினார். வாசகிகள் வளர்ந்துவிட்டார்கள், அவர்களோடு வளரும் ஓர் இதழ். ஹகியோவுக்கு அடுத்த இருபது ஆண்டு அதுதான் வீடு. 1992-இல் 'இகுவானா மகள்': பெற்ற தாயின் கண்ணுக்கு மகள் பல்லியாகத் தெரிகிறாள், மகளும் கண்ணாடியில் அப்படியே பார்க்கிறாள், மற்ற எல்லாருக்கும் அவள் சாதாரணப் பெண். 1996-இல் தொலைக்காட்சித் தொடரானது. அதே 1992-இல் தொடங்கி 2001 வரை 'கொடிய தெய்வம் ஆள்கிறது', 17 தொகுதி. மாற்றாந்தந்தையின் பாலியல் கொடுமையும் அதற்குப் பிந்திய நெடுங்காலச் சிதைவும். தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது தொடங்கிய 1997-இலேயே அதற்கு மேன்மைப் பரிசு. மனம் தயாராக இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம். நடுவில் விட்டால் மோசமான இடத்தில் நிற்பீர்கள்.

2006-இல் 'பார்பரா வேற்றுலகம்' ஜப்பான் எஸ்எஃப் பேரவிருது பெற்றது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்து நடந்த சில மாதத்திலேயே அதைப் பற்றிய 'நனோஹனா'. 2012-இல் ஜப்பான் அரசின் ஊதா ரிப்பன் பதக்கம். 2016-இல், 40 ஆண்டுக்குப் பின், 'ஃபிளவர்ஸ்' இதழில் 'போ' மறுபடி தொடங்கியது. இதழ் கடைகளில் தீர்ந்துபோனது. 2022-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் காமிக்ஸ் விருதின் புகழ் மண்டபம், 2024-இல் பிரான்சின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவின் கௌரவ விருது.

#14 ஓரப்பட்டி
புதிய 'போ' கதைகளின் கோடு 1972 கோடு இல்லை. எட்கரின் முகம் இறுகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் பழைய முகத்தை எதிர்பார்த்துத் திறக்கிறவர்கள் ஏமாறுவார்கள். 1976 வரைக்குமானதை முடித்துவிட்டு ஒரு இடைவெளி விட்டுத் தொடுங்கள்.

#15 கட்டங்கட்டி
வாசிக்கும் திசை பற்றி ஒரு குறிப்பு, இதில் தடுக்கி விழுந்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். புத்தகம் வலப்பக்கம் கட்டியது. கட்டம் மேல் வலதில் தொடங்கி இடது போய், பிறகு கீழே. அடுத்தடுத்து இரண்டு கட்டத்தில் எது முதல் என்று குழம்பினால் இடைவெளியைப் பாருங்கள்: கிடையாகப் பக்கம் முழுக்க ஓடும் வெள்ளைப் பட்டிக்கு மேலே உள்ளதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். ஹகியோ பட்டியே இல்லாமல் விடும் பக்கங்களில் பலூன்தான் வழிகாட்டி. பலூனை வலமிருந்து பிடித்துப் போங்கள்.

மின்நூலில் இரட்டைப் பக்கப் படம் இரண்டாக உடைந்து பொருத்தமில்லாமல் வந்தால், செயலி அட்டையையும் ஒரு பக்கமாக எண்ணி ஜோடியை ஒன்று தள்ளிவிட்டது என்று பொருள். வலக்கட்டு நூலில் இரட்டைப்படை எண் வலப்பக்கம், ஒற்றைப்படை இடப்பக்கம். "முதல் பக்கம் தனி" என்ற அமைப்பை மாற்றினால் சரியாகும். கைபேசியில் 'தோமா' படிக்காதீர்கள். பத்து அங்குலத் திரை, கிடைவாக்கில்.

தமிழில் எழுத்துப் பதிக்க யாராவது உரிமை வாங்கி இறங்கினால் முதலில் முட்டுவது பலூன். ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழே ஓடும். பலூன் ஒல்லியாக நெட்டையாக இருக்கும். "நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்" அதற்குள் போகாது. எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி 6 புள்ளிக்குக் கீழே கொண்டுபோனால் சுழியும் புள்ளியும் அடைத்துவிடும். வாக்கியத்தைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் "நினைத்துக்" ஒரு வரி, "கொண்டிருந்" என்று அரைகுறையாக நிறுத்தாமல் "கொண்டு" அடுத்த வரி. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. பலூனுக்கு வெளியே மிதக்கும் மனக்குரலுக்கு வேறு எழுத்துரு போடுங்கள், இல்லையென்றால் பேச்சும் நினைப்பும் ஒன்றாகிவிடும். படத்தைக் கண்ணாடி போல் திருப்பி இடமிருந்து வலமாக்கும் பழைய பழக்கம் இவருக்கு ஆகாது: வலக்கைக்காரர்கள் இடக்கைக்காரர்களாவார்கள், சட்டைப் பொத்தான் மாறும், ஹன்ஷின் சகோதரிகளில் யார் எந்தப் பக்கம் என்பதே புரண்டுவிடும்.

#16 செவ்வந்தி
ஜப்பானிய மொழி தெரியாதவங்களுக்கு, கையில காசும் கம்மின்னா?

#17 ராப்பாடி
ஆங்கிலத்துல ஃபேன்டாகிராஃபிக்ஸ் போட்டிருக்காங்க. 2010-ல வந்த சிறுகதைத் தொகுப்பு 'எ டிரங்கன் ட்ரீம்'. பத்துக் கதை, மேலே கட்டங்கட்டி சொன்ன 'ஹன்ஷின்', 'வில்லோ மரம்', அப்புறம் 'இகுவானா மகள்' மூணும் அதுக்குள்ளயே இருக்கு. ஒரே புத்தகம்னா அதுதான். அது பிடிச்சா 'தோமா' ஒரே கெட்டி அட்டைத் தொகுதி. அதுக்கு அப்புறம் 'போ' ரெண்டு தொகுதி. பழைய புத்தகமா வாங்கினா ஒரு விஷயம்: 'தோமா' கனமான புத்தகம், முதுகுக் கட்டு விட்டிருக்கான்னு நடுப்பக்கத்தைத் திறந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அட்டைப் படத்தை மட்டும் நம்பாதீங்க.

#18 ஓரப்பட்டி
மிசுனோவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். 'ஃபயர்!' பக்கங்களை அங்கே பேசலாம்.